நான் ஓகே செய்த கம்ப்யூட்டர்

சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகள் வீட்டில் ஓடிய கார் ரேஸ் விளையாட்டு நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் ஓடவில்லை என்று சின்னவன் போன வாரம்கூடக் கேட்டான். சிரித்து மழுப்பிவிட்டேன். பெரியவளுக்குப் பாதி தெரியும், ஆனால் அவள் ஒருநாளும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை. நேரில் சொன்னால் வழக்கம்போல நல்ல பிள்ளையாக ஏதாவது சொல்லிவிடுவேன். அதனால் உங்கள் ரெண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டுத் தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்தவன். முதல் ஆறு வருஷம் செக்கிங் டேபிள். பனியனைத் திருப்பிப் போட்டுத் தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டைப் தெரியும் என்று தெரிந்ததும் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மண்ணரைப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் ஆபீஸ் என்றால் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ், பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிற சின்ன பிரின்டர், அவ்வளவுதான். நாலு கம்ப்யூட்டருக்கும் நான்தான் பொறுப்பு.

நாலிலும் இருந்தது திருட்டுக் காப்பி விண்டோஸ். அன்றைக்கு ஊரில் அப்படித்தான். கம்ப்யூட்டர் பெட்டி விற்கிற கடைக்காரரே அதைப் போட்டுக் கொடுத்துவிடுவார், நாங்களும் அது பெட்டியோடு வருகிற பொருள் என்று நினைத்திருந்தோம். ஒருநாள், திருட்டுக் காப்பி பிடிக்க ஆள் வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, டிடிபி கடைகள் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கின. அதே வாரம் பையிங் ஏஜென்சியிலிருந்து முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆர்டரை எங்களுக்குப் பிடித்துத் தருகிறவர்கள் அவர்கள். உங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பது எல்லாம் முறையானது என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளி ஊத்துக்குளிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை என் மேஜையில் வைத்தார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம், ஒருத்தரும் வந்து கேட்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது.

"ஓட்டிப் பாருங்க. நீங்க ஓகேன்னா நாலையும் மாத்திரலாம். நீங்க வேண்டாம்னா விட்டுரலாங்க" என்றார். ஆபீஸ் ஓரத்தில் இரண்டு பழைய பெட்டிகள் சும்மா கிடந்தன. அதில் ஒன்றை ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, குழந்தைகளும் பழகட்டும் என்று அவரே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். தெருவே வந்து பார்த்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்று வாரம் வீட்டிலும் ஆபீஸில் என் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்த விதத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். செக்கிங் முடிந்து பெட்டி போட்ட பனியன் லாட்டில் எல்லாப் பீஸையும் மறுபடி யாரும் பார்ப்பதில்லை. அட்டைப் பெட்டியின் மேலே ரெண்டு, நடுவில் ரெண்டு, அடியில் ரெண்டு எடுத்துப் பார்ப்போம். அது சரியாக இருந்தால் பெட்டியே பாஸ். எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். லினக்ஸையும் அப்படியே பார்த்தேன். லெட்டர் அடித்தேன், சரி. மெயில் அனுப்பினேன், சரி. பேக்கிங் லிஸ்ட் போட்டேன், கோடுகள் கொஞ்சம் நகர்ந்தாலும் கூட்டல் சரியாக வந்தது. வைரஸ் ஏறவில்லை, தினமும் மதியம் உறைந்து நிற்கிற வழக்கம் போய்விட்டது. தமிழில் இருந்த பழைய சம்பளச் சீட்டு மட்டும் புரியாத எழுத்தாக வந்தது, அதைத் திரும்ப அடித்துக்கொண்டோம்.

ஸ்டிக்கர் சாஃப்ட்வேர் மிச்சம். அது ஏஜென்சி கொடுத்தது, விண்டோஸுக்கு என்று செய்தது. லினக்ஸுக்குள்ளேயே அந்த மாதிரி சாஃப்ட்வேரைத் திறக்க ஒரு வழி இருந்தது. திறந்தேன். திரையில் பார்கோடு அழகாக வந்து நின்றது. ஸ்டிக்கர் ரோல் எண்ணித் தருகிற பொருள், வீணாக்க மனமில்லாமல் ஒன்றுகூட அடித்துப் பார்க்காமல் அதற்கும் சரி போட்டேன். எல்லாப் பீஸையும் பார்க்காமலேயே பெட்டியைப் பாஸ் செய்கிறவன் கை அது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் தைக்கும் முன் ஒரு பீஸைத் தைத்து, சரி என்றால் அதில் அட்டை கட்டி, சரி என்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகு அதுபோலவே தைத்து ஏதாவது தப்பு வந்தால் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள். முதலாளி சாம்பிள் ரூமிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து என் கம்ப்யூட்டரின் ஒயரில் கட்டினார். "போடுங்க கையெழுத்து" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். நாலும் மாறின. அவர் ஏஜென்சி கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் ஸ்டிக்கர் அடித்தோம். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோடுகள் ஒரு மயிரிழை நெருங்கி விழுந்திருந்தன, ஸ்கேனரை எத்தனை தடவை காட்டினாலும் அது கீக் என்று சொல்லவில்லை. படிக்க முடியாத ஸ்டிக்கரோடு போனால் அங்கே கிடங்கில் பெட்டிகளைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு நாள் எல்லா வழியும் பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். முதலாளி அறையில் நாலைந்து கம்பெனிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஆபீஸ்ல ஒரு திருட்டுக் காப்பி கெடையாதுங்க. எல்லாம் இவரு பண்ணுனது" என்று என்னைக் காட்டினார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செக்கிங் டேபிளிலிருந்து வந்தவனை அந்த அறையில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஃபேக்ஸ் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சும்மா கிடந்த இன்னொரு பழைய பெட்டியில் திருட்டு விண்டோஸ் அப்படியே இருந்தது. அதை ஸ்டோர் ரூமில், பாலிபேக் மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். பிரின்டரையும் அங்கே நகர்த்தினேன். ஸ்டிக்கர் ரோல் பக்கத்தில் இருந்தால் வசதி என்று காரணம் சொன்னேன், யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

ஸ்டிக்கர் அடிக்கிற பெண்ணிடம் மட்டும் மறைக்க முடியாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஜன்னல் இல்லாத அந்த அறையில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து அது அடிக்கும். நான் கையில் பேக்கிங் லிஸ்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஏதோ சரிபார்ப்பது போல ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் இருமுவேன். உள்ளே மானிட்டர் அணையும்.

"அண்ணாச்சி, ஜெபம் பண்ணிட்டுத்தான் உள்ள போறேன்" என்று அது முதலில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தது. பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னது: "ஏதும் ஆச்சுன்னா நான் உங்களத்தான் கை காட்டுவேன். இப்பமே சொல்லிட்டேன், பொறவு வருத்தப்படக் கூடாது." அதில் வேடிக்கை இல்லை.

இப்படி அஞ்சு மாசம். கேட்டில் தெரியாத பைக் நின்றால் ஸ்டோர் ரூம் வாசலுக்கு ஓடுவேன். ஆள் வந்து பிடித்தால் மாட்டுவது நான் இல்லை, கையெழுத்துப் போட்ட முதலாளி. அவர் கையெழுத்துப் போட்டது என் பேச்சை நம்பி. சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது, நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டம். லீவு போடவும் பயம். நான் இல்லாத நாளில் இரும யார் இருக்கிறார்கள்?

வீட்டிலும் அதே கதை. பெரியவளே, நீ அப்போது ஆறாவது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அறிவியல் சிடி ஓடவில்லை என்று சொன்னாய். சின்னவன் கார் ரேஸ் சிடியை மூன்று பேரிடம் கடன் வாங்கி வந்து மூன்று தடவை அழுதான். எனக்கு எரிச்சல் வந்தது. இது நல்ல கம்ப்யூட்டர், குறை சொல்லக் கூடாது என்றேன். யாராவது பெரியவங்க கேட்டால் நல்லா இருக்குதுங்க என்று சொல்ல வேண்டும் என்று உங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மரியாதை சொல்லித் தருவதாக உங்கள் அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். கூட ஒரு சிநேகிதர், மூலனூர்க்காரர், வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்திருந்தார். அவருக்கும் திருப்பூரில் ஒரு கம்பெனி, மூன்று கம்ப்யூட்டர், ஏஜென்சியிலிருந்து அதே கடிதம். ஊட்டுலகூட ஓடுது, வந்து பாருங்க என்று முதலாளிதான் அழைத்து வந்திருக்கிறார். நாற்காலியை எடுத்துப் போட்டேன், டீ சொன்னேன்.

மூலனூர்க்காரர் என்னைக் கேட்கவில்லை. விவரமானவர், பெரியவளே, உன்னைக் கேட்டார்.

"ஏங் கண்ணு, இது எப்படி இருக்குது? நெசமாச் சொல்லோணும். நாளைக்கு என்ற ஆபீஸ்லயும் இதைத்தான் போடப்போறேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குதுங்க. எல்லாமே ஓடுதுங்க."

அவர்கள் சிரித்தார்கள். "கொழந்தையே சொல்லிருச்சு, இதுக்கு மேல என்ன வேணுங்க" என்றார் முதலாளி. நீ சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாய், அவர்கள் கிளம்பும்வரை வரவில்லை. அவர்கள் போன பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொன்ன பொய்யை நான் சுமந்துகொண்டிருந்தவரை எப்படியோ ஓட்டினேன். இப்போது நாளைக்கு இன்னொரு கம்பெனி மாறப்போகிறது, அதுவும் என் மகள் வாயால்.

திங்கட்கிழமை காலை முதலாளி வண்டியை நிறுத்தும் முன்பே கேட்டில் போய் நின்றேன். ஸ்டோர் ரூமுக்கு வாங்க என்றேன். மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கம்ப்யூட்டரைக் காட்டி, ஆன் செய்தேன். பழைய விண்டோஸ் படம் திரையில் வந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அட்டைப் பெட்டியில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமுங்க அண்ணா. மத்ததெல்லாம் நெசமாவே நல்லா ஓடுதுங்க. ஸ்டிக்கர் மட்டும் ஓடலீங்க. மொத நாளே தெரியும்."

"கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிருக்கறனே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு பெட்டிக்கு மட்டும் விண்டோஸை முறையா வாங்கிப் போட்டிருப்பேன். இது ஒரு விஷயமாங்க?"

ஐந்து மாசமாக நான் சுமந்ததை ஒரே வரியில் இது ஒரு விஷயமா என்று கேட்டுவிட்டார். ஒரு பெட்டிக்கு மட்டும் முறையாக வாங்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. லாட் என்றால் முழுதாகப் பாஸ் அல்லது முழுதாக ரிஜெக்ட், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து மூலனூர்க்காரருக்குப் போன் போட்டார். நாங்க இன்னும் பார்த்து முடிக்கலீங்க, மாத்தாம பொறுங்க என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அந்த வாரமே ஸ்டிக்கருக்கு முறையான விண்டோஸ் வந்தது, அந்தப் பெண் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. பாக்கி பெட்டிகளில் லினக்ஸ் அப்படியே ஓடியது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன்பிறகு நான் அங்கே இருந்த வருஷம் எல்லாம், நான் ஓகே என்று சொன்ன எதையும் அவர் ஒருமுறை தன் கையால் எடுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. நூல் சுற்றிய கோனாக இருந்தாலும் சரி, ஒரு பக்கக் கடிதமாக இருந்தாலும் சரி. சரிங்க என்பார், பிறகு எடுத்துப் பார்ப்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் உன்னிடம் வந்தேன். நேற்று நான் சொல்லச் சொன்னது தப்பு, இப்போது நெசமாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நீ நம்பவில்லை. நான் பேனா மூடியைத் திறந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாய். படம் வரைவது நல்லா இருக்கிறது. சட்டென்று நின்றுபோவதில்லை. பள்ளிக்கூட சிடி ஓடாது. தம்பிக்கு ஒரு விளையாட்டும் ஓடாது. பாட்டுப் போட்டால் கரகரவென்று வருகிறது. தமிழில் அடித்ததைப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டும்போதெல்லாம் நீங்க பின்னாலயே நிக்கறீங்க. அது பிடிக்கலீங்கப்பா."

அதையும் எழுதிக்கொண்டேன்.