செல்லக்கிளியின் ஷெட்டுக்குள் நாய் புகுந்த நாள்

செல்லக்கிளி கல்யாணத்துக்கு முன்னால் வடமதுரைப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவள். ஓடுகிற மிஷினில் இழை அறுந்தால் அடுத்தவள் பார்ப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். அந்தக் கைதான் பின்னாளில் கோழிக் கழுத்தைத் திருகப் பழகியது.

புருசன் சுப்புராஜின் மானாவாரிக் காட்டில் ஷெட் போட்டு, கம்பெனிக்காரன் இறக்கும் பிராய்லர் குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்துவந்தார்கள். அந்த வருஷக் கோடையில் வந்த குஞ்சுகள் நான்கு வாரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தன. ஐந்தாம் வாரம் ஒரு காலையில் தீவனம் கொட்டப் போனவள், ஓரத்தில் சில கோழிகள் எழாமல் கிடப்பதைப் பார்த்தாள். நெஞ்சு புடைத்த பெரிய கோழிகள். தீவனச் சத்தம் கேட்டதும் இரண்டு றெக்கையையும் ஊன்றி, தவழ்ந்து தவழ்ந்து வந்தன. நடக்க முடிந்த கோழிகள் அவற்றின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு போயின. மறுநாள் இன்னும் கூடுதலாக விழுந்தன.

கம்பெனி டாக்டர் தமிழ்மதி வந்து, செத்த கோழி ஒன்றை வாசலில் போட்டு அறுத்தாள். தொடையைப் பிடித்து வெளிப்பக்கம் மடக்கினாள். இடுப்பில் பொருந்தும் எலும்பு முனை, நமத்துப்போன பிஸ்கட் மாதிரி பொடுக்கென்று ஒடிந்தது. உள்ளே மஞ்சளும் கறுப்புமாக அழுகல்.

"எலும்பு உறுதிப்படுறதுக்குள்ள சதை வளந்துருதுக்கா. பாரம் தாங்காம நுனியில கீறல் விடுது. ரத்தத்துல ஓடுற கிருமி அந்தக் கீறல்ல போயி உக்காந்து, எலும்பை அழுகடிச்சிருது."

"மருந்து இல்லையாம்மா?"

"எலும்புக்குள்ள போனப்பறம் மருந்து கேக்குறது கஷ்டம். மத்ததக் காப்பாத்தணும்னா தண்ணிக் குழாயக் கழுவுங்க, தரை ஈரமில்லாம இருக்கட்டும். எந்திரிக்காதத வச்சுக்கிட்டு இருக்காதீங்க, வலியில கெடக்கும். ஒரே திருகா திருகி, குழியில சுண்ணாம்பு போட்டு மூடிருங்க."

சுப்புராஜ் அந்த வேலைக்கு வரவில்லை. "உசுரோட முழிச்சுப் பாக்குறத நான் எப்படித் திருக? எனக்கு ஏலாது" என்றான். செல்லக்கிளிதான் தினம் காலையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கி, ஷெட்டுக்குப் பின்னால் குந்தி, ஒவ்வொன்றாக முடித்தாள். இடக்கையில் காலைப் பிடித்து, வலக்கையில் தலையை இழுத்துப் பின்னால் மடக்கினால் உள்ளே ஓர் அறுபடும் உணர்வு வரும். அது வந்துவிட்டால் போதும். றெக்கை கொஞ்ச நேரம் மடியில் அடித்துக்கொண்டு ஓயும். மதியச் சோற்றில் கை வைக்கும்போது அந்த உணர்வு விரலில் இருந்தது.

அந்த வாரம் ரெட்டியார்சத்திரத்தில் தங்கச்சி வீட்டில் ஒரு சாவு. போகாமல் இருக்க முடியவில்லை. "காலையில குழி வேலைய மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையாட்டினான். ஆனால், விழுந்த கோழிகளை உயிரோடு கூடையில் அள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த வாய்க்காலில் கொட்டினான். தானாகச் செத்துவிடும் என்று நினைத்தான். நாய்கள் அதுவரை காத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கூடையோடு அவன் வரும் முன்பே வாய்க்காலில் வந்து உட்கார்ந்திருந்தன. அவன் பார்த்தும் கொட்டினான்.

செல்லக்கிளி திரும்பி வந்தது ஒரு மத்தியானம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே ஷெட்டின் இரைச்சல் கேட்டது. அது தீவனத்துக்குக் கத்துகிற இரைச்சல் இல்லை. பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கவாட்டுக் கம்பிவலை கீழே பிய்ந்து கிடந்தது. உள்ளே நான்கு நாய்கள். விழுந்து கிடந்த கோழிகளை வயிற்றில் கவ்வி உதறின. நடக்கத் தெரிந்த கோழிகளெல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக இடுப்புயரம் ஏறியிருந்தன. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தன.

வாசலில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் அடி விழுந்ததும் இரண்டு நாய்கள் வலை வழியாக ஓடின. மூன்றாவது கோழியைக் கவ்வியபடியே போயிற்று. நான்காவது ஒரு செவலை. அது ஓடவில்லை. கோழியைப் போட்டுவிட்டு அவள் முழங்கையைக் கவ்வியது. எலும்பு வரை பல் இறங்கியது. அப்படியே அதைச் சுவரோடு வைத்து நெரித்து, கை விடுபட்டதும் மம்பட்டியின் பின்பக்கத்தால் மண்டையில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. கால் அடங்கும் வரைக்கும் அடித்தாள்.

நிமிர்ந்தபோது சுப்புராஜ் வாசலில் நின்றான்.

"நாயி எப்படி வழி கண்டுச்சு?"

அவன் வாய்க்கால் பக்கம் பார்த்தான். அவளும் பார்த்தாள். வேலிக்கு அப்பால் வெள்ளை இறகு சிதறிக் கிடந்தது.

"யோவ், உசுரோடயா போட்ட?"

மம்பட்டிக் காம்பைத் திருப்பி அவன் தோளில் ஒன்று போட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவனை "யோவ்" என்றதும் இல்லை, அடித்ததும் இல்லை. அவன் தடுக்கவுமில்லை, திருப்பி அடிக்கவுமில்லை.

"அது என்ன செய்யும்? நீ சோறு போட்ட எடத்துக்கு வந்துச்சு. அதக் கொல்ல வச்சுட்ட. உக்காரு" என்றாள்.

குடல் சரிந்தும் உயிர் போகாத கோழிகள் தரையெங்கும் கிடந்தன. அவள் கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டே இருந்ததால் திருக முடியவில்லை. சுப்புராஜ் உட்கார்ந்தான். முதல் கோழியைப் பாதி திருகி விட்டுவிட்டான். அது கத்தியது. "இழுத்து மடக்கு. யோசிக்காத" என்றாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மிச்சத்தையும் முடித்தான்.

அவள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கடிபட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தென்னந்தோப்பு மொக்கைச்சாமி வந்தார். செவலை அவர் வளர்த்தது. செல்லக்கிளி மறைக்கவில்லை.

"நாந்தான் அடிச்சேண்ணே."

அவர் அவள் கையைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். "வெரட்டிவிட்டுருக்கலாம்ல" என்றார். உரச் சாக்கில் நாயைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் அவள் நாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போதெல்லாம் சுப்புராஜ் கூடவே போனான். அடுத்த குஞ்சு இறங்கும் முன் குழாயெல்லாம் கழற்றிக் கழுவினார்கள், தரைக்குப் புதுத் தென்னை நார்த்தூள் பரப்பினார்கள். ஐந்தாம் வாரத்தில் விழுந்தவை குறைவுதான். ஆனாலும் விழுந்தன. காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் பொறுக்கி முடித்தார்கள். மொக்கைச்சாமி இன்றைக்கும் அந்த ஷெட் வழியாக வருவதில்லை. சுற்றிக்கொண்டுதான் தோப்புக்குப் போகிறார்.