கைப்பையில் தூண்டில் முள்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வெள்ளிக்கிழமையானால் கடற்கரையில் தூண்டில் போட வேண்டும். முள் மட்டும் சொந்த ஊரான கோட்டைப்பட்டினத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். சென்ற முறை அவரிடம் போனபோது, பெட்டி தொலைந்தால் சேலைகளோடு போகட்டும் என்று முட்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திருச்சி விமான நிலைய வாசலில், "பஸ்ஸு போயிரும், கெளம்புங்கண்ணே" என்று அண்ணனை விரட்டினேன்.

"நீ பிளேன் ஏறுற வரைக்கும் இங்கிட்டுத்தான் நிப்பேன், போத்தா" என்றார்.

உள்ளே பெட்டியை அனுப்பிய பிறகு, கவுண்டரில் இருந்த பெண், "கைப்பையில கூர்மையா ஏதும் இருக்காம்மா?" என்றாள்.

"தூண்டி முள்ளுதான்" என்றேன்.

"அதை விடமாட்டாங்க. வெளியில ஆள் இருந்தா குடுத்துருங்க. இல்லாட்டி குப்பையிலதான் போடணும்."

வாசலுக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். காவலர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே அவரிடம் கொடுத்தார்.

அடுத்த வாரமே அந்த முள்ளில் அண்ணன் பிடித்த கொடுவா மீனின் படம் வந்தது. என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது முள்முனைகளைத் தக்கையில் குத்திப் பெட்டிக்குள்தான் வைக்கிறேன். வழியனுப்ப வருகிறவர்களிடம் "கெளம்புங்க" என்று சொல்வதே இல்லை.