நீலம் தெரிகிறதா, மச்சான்?

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சோறு வைக்க வந்த அக்கா என் கையைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“எங்கண்ணே இடைத்தேர்தல்?”

நியாயமான கேள்விதான். நம் நாட்டில் விரலில் மை இருந்தால் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் என்று அர்த்தம். ஆனால் எனக்குப் பத்து விரலிலும் நீல மை இருந்தது. முழங்கையிலும் கொஞ்சம். ஒரே ஆள் இத்தனை ஓட்டுப் போட்டால் பிடித்து உள்ளே வைத்துவிட மாட்டார்களா?

எதிரே உட்கார்ந்திருந்த என் மச்சான் ரவிக்கும் அதே கோலம்தான். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வெறும் கிரீஸ், சோப்புப் போட்டால் போய்விடும் என்றார். எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். போகவில்லை. போய்விட்டது என்றார். ஆமாம், போய்விட்டது என்றேன் நானும்.

எங்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான் — நாங்கள் சண்டையே போட்டதில்லை. என் தங்கை கமலாவை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் சொல்வதற்கு நானும், நான் சொல்வதற்கு அவரும் தலையாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டோம். ஒருமுறை பழைய வேன் ஒன்று வாங்கப் போனோம். எஞ்சின் சத்தம் அருமை என்றார். அருமைதான் என்றேன். வாங்கிவிட்டோம். வீட்டு வாசலில் கமலா வேனுக்குள் ஏறி, காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஏதோ ஒரு வெள்ளத்தின் சேறு அடியில் காய்ந்து கிடந்தது. இன்றைக்கும் மழை பெய்தால் அந்த வேனில் மீன் வாடை வரும்.

சரி, நீலக் கைக்கு வருவோம்.

மச்சானுக்குக் கிள்ளானில் ஒரு சின்னப் பட்டறை. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு வேண்டிய ஷாஃப்டுகளை, அதாவது சுழலும் இரும்புத் தண்டுகளை, லேத் மெஷினில் கடைந்து கொடுப்பார். கணக்குவழக்கு கமலா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் போய்க் கூடமாட ஒத்தாசை செய்கிறேன். ஒத்தாசை என்றால்... பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பது.

கொஞ்ச காலமாக ஷாஃப்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று பேரிங்கில் நுழையவே இல்லை. அடுத்தது லொடலொடவென்று ஆடியது. ஆலைக்காரர் திட்டவில்லை. திட்டாத கஸ்டமர்தான் ஆபத்தானவர். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகக் கமலாவிடம் தன்மையாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனால் பட்டறையில் பாதி வேலை போய்விடும். தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் ஷட்டரை இழுத்து மூடிக் கடையை வாடகைக்கு விடப்போகிறேன் என்று கமலா அறிவித்துவிட்டாள். பபிள் டீ வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து சுவரை அளந்துகொண்டு போயிருந்தார்.

மச்சானை உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகூடப் பட்டறைக்குப் போய், மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பி வருகிறவர். அவரை வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்தால் ரொம்ப நாள் தாங்க மாட்டார். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

மெஷின் தேய்ந்துவிட்டது என்றார் மச்சான்.

தேய்ந்துவிட்டது என்றேன் நான்.

லேத்தில் வெட்டும் உளி ஓர் இரும்புத் தண்டவாளத்தின் மேல் நகர்ந்து போகும். அந்தத் தண்டவாளம் தேய்ந்தால் கடைகிற வேலையும் கோணலாகும். மெஷினைக் கழற்றி வெளியே அனுப்பிச் சரிசெய்யலாம். அல்லது கையாலேயே சுரண்டி மட்டம் செய்யலாம். ஷா ஆலமில் ஒரு பெண் இந்தச் சுரண்டும் வேலையைச் சனிக்கிழமைகளில் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டோம். போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அவர் பெயர் திவ்யா. முப்பது வயது இருக்கலாம். தொழிற்சாலைகளில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். எங்களை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார். ஆனால் வேலை வாங்குவதில் அங்கிள்களுக்கென்று சலுகை எதுவும் இல்லை.

வேலை இதுதான். துல்லியமாக மட்டம் செய்த ஒரு கல் பலகை இருக்கும். அதன்மேல் நீல மையை லேசாகத் தடவ வேண்டும். பழகுவதற்கு நமக்குக் கொடுத்த இரும்புப் பலகையைக் கவிழ்த்து அதில் தேய்க்க வேண்டும். எங்கெல்லாம் மேடோ அங்கெல்லாம் நீலம் ஒட்டிக்கொள்ளும். நீளக் கைப்பிடி போட்ட உளியை இடுப்போடு அணைத்துத் தள்ளி, அந்த நீலப் புள்ளிகளை மட்டும் சுரண்ட வேண்டும். துடைக்க வேண்டும். மறுபடி மை. மறுபடி சுரண்டல். எதுவரைக்கும்? வீட்டுக்குப் போகலாம் என்று தான் சொல்லும்வரைக்கும் என்றார் திவ்யா.

தேங்காய் துருவுகிற மாதிரிதானே என்று இறங்கினேன். தேங்காயில் துருவலாவது மிஞ்சும். இங்கே காலை முழுக்கச் சுரண்டியதற்குத் தும்மினால் பறந்துபோகும் அளவுக்குத் தூள் கிடைத்தது. இடுப்புவலி மட்டும் நிறையக் கிடைத்தது.

மச்சானின் பலகையைப் பார்த்தபோது திவ்யாவின் நெற்றி சுருங்கியது. நீலம் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் சுரண்டி வைத்திருந்தார்.

“அங்கிள், நீலம் தெரியுதா?”

இங்கே வெளிச்சம் சரியில்லை என்றார் மச்சான். ஆமாம், வெளிச்சம் போதாது என்றேன். எங்கள் தலைக்கு நேர்மேலே குழல்விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து நான் விரலை வைத்து இடத்தைக் காட்டுவேன், அவர் சுரண்டுவார். கூட்டுறவே நாட்டுயர்வு.

பிறகு திவ்யா கல் பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எங்களுக்குப் புதிதாக ஆளுக்கோர் இரும்புப் பலகை கொடுத்தார். இனிமேல் கல் கிடையாது, உங்கள் இரண்டு பலகைகளையும் ஒன்றோடொன்று தேய்த்தே மட்டம் செய்யுங்கள் என்றார். செய்தோம். வாரக்கணக்கில் செய்தோம். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பலகைகளிலும் மூலைக்கு மூலை நீலப் புள்ளி — அம்மை போட்டது போல ஓர் இடம் பாக்கியில்லை. இருவரும் பலகையோடு படம் எடுத்துக் கமலாவுக்கு அனுப்பினோம். வரும்போது அரிசி வாங்கி வரச்சொல்லிப் பதில் வந்தது.

திவ்யா வந்து பார்த்தார். அழகா இருக்கு அங்கிள் என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து மூன்றாவதாக ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, மை தடவி, எங்கள் பலகைகளை ஒவ்வொன்றாக அதில் தேய்த்துக் காட்டினார்.

என்னுடையதில் நடுவில் மட்டும் நீலம். மச்சானுடையதில் ஓரங்களில் மட்டும்.

“ரெண்டு பலகை ஒட்டிப்போச்சுன்னா ரெண்டும் சரின்னு அர்த்தம் இல்ல அங்கிள். ஒண்ணு மேடா இருந்து இன்னொண்ணு பள்ளமா இருந்தாலும் கச்சிதமா ஒட்டும். அதுக்குத்தான் மூணாவது வேணும்.”

ஃபெடரல் ஹைவேயில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது நான். கொஞ்ச காலமாகவே நான்தான் ஓட்டுகிறேன். அந்தப் பெண் கொஞ்சம் ஓவர் என்றார் மச்சான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, பிரேக் போட்டேன், பேச்சு மாறிவிட்டது. ஆனால் எனக்கு உள்ளே என்னவோ போல் இருந்தது. இத்தனை காலம் நாங்கள் கச்சிதமாக ஒட்டிப்போனதெல்லாம் எந்த வகை?

லேத்தைத் தொடுவதற்கு முன் தான் வந்து ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று திவ்யா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். சொன்னபடி அடுத்த வாரம் கிள்ளானுக்கு வந்தார். காலை முழுக்கத் தண்டவாளத்தை அளந்தார். தானே ஒரு ஷாஃப்டைக் கடைந்து பார்த்தார். திரும்பி வந்த ஷாஃப்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தார்.

“மெஷின்ல பெரிய தேய்மானம் இல்ல. தேஞ்ச மெஷின் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். இது ஒவ்வொரு தடவையும் வேற வேற தப்பா இருக்கு.”

சொல்லிவிட்டு, கடைந்த ஷாஃப்டை மச்சான் கையில் கொடுத்து, அளந்து சொல்லச் சொன்னார்.

மச்சான் நுண்ணிய கோடுகளில் அளவு காட்டும் தன் பழைய மைக்ரோமீட்டரை எடுத்தார். எண்ணை அப்படியே காட்டும் பேட்டரி மைக்ரோமீட்டர் ஒன்றைக் கமலா வாங்கிக் கொடுத்திருந்தாள்; பேட்டரியை நம்ப முடியாது என்று அவர் சொல்லி, நான் ஆமோதித்து, அது பெட்டியிலேயே தூங்குகிறது. மச்சான் வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணை இடுக்கினார். ஓர் அளவைச் சொன்னார். திவ்யா மைக்ரோமீட்டரை வாங்கிக் கமலாவிடம் நீட்டினார். கமலா வேறோர் அளவைச் சொன்னாள்.

“கணக்குப் பாக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீ பாரு மச்சான்” என்று என் பக்கம் திரும்பினார் அவர்.

வாங்கிப் பார்த்தேன். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கமலா சொன்னதுதான்.

திவ்யா தன் பையை ரொம்ப அக்கறையாக அடுக்கிக்கொண்டிருந்தார். கமலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் என்னையே பார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகக் கலைந்திருப்போம். பட்டறை மட்டும் போயிருக்கும்.

“இல்ல மச்சான். கமலா சொல்றதுதான் சரி.”

மச்சான் பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“கொஞ்ச நாளாவே.”

“எனக்கும்தான். நீ ஒண்ணும் சொல்லலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மச்சானிடம் நான் காட்டிய மரியாதை அவருடைய கண்ணையே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒத்துப்போகிறவனை நல்லவன் என்கிறோம். ஒத்துப்போவதில் எவ்வளவு சோம்பேறித்தனம் இருக்கிறது என்று யாராவது யோசித்திருக்கிறோமா?

கண் டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார் — இரண்டு கண்ணிலும் புரை. இந்த வகைப் புரையில் நீலம் மங்கித் தெரியும் என்றும் சொன்னார். மச்சான் குனிந்து தன் நகக்கண்ணைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் முடிந்தது. கமலா ஆலைக்காரரிடம் நேரில் போய் விஷயத்தை உள்ளபடி சொல்லி, கடைசியாக ஒரே ஒரு ஷாஃப்டுக்கு ஆர்டர் வாங்கி வந்தாள். அதை மச்சானே கடைந்தார். தீபாவளிக்கு முன்பே அது ஆலைக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை. பபிள் டீக்காரர் இப்போது பக்கத்துத் தெருவில் கடை போட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது, அந்த ஷாஃப்ட் லோரியில் ஏறுவதற்கு முன் நடந்தது. மச்சான் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தார். நானும் அளந்து, என் தாளில் எழுதினேன். இரண்டையும் திருப்பினோம். ஒரே அளவு. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

மறுபடியும் கச்சிதமாக ஒட்டிப்போய்விட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மச்சான் மெல்ல உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“கமலா... கொஞ்சம் வந்துட்டுப் போ லா.”