ஆயிரத்துக்கு மேல் வந்தவர்கள்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கம்ப்யூட்டரிலேயே வெப்சைட் செய்யவும் பழகிக்கொண்டேன். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கண்ணுக்குப் பிடித்த பக்கம் எதுவானாலும், அதன் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்த்து, அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றுவேன். அப்போதைய நாகரிகம் என்னவென்றால், எழுத்து ஓட வேண்டும், இல்லையென்றால் மினுக்க வேண்டும். அடியில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள், இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண் இருந்தே ஆக வேண்டும்.

ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு லாட்ஜுக்குத்தான் முதலில் செய்தேன். எண் சைபரில் நிற்பதைப் பார்த்து லாட்ஜ் முதலாளி பதறிவிட்டார்.

"ஏனுங்க, சைபர்னு போட்டா பேய் பங்களான்னு நெனச்சுக்குவாங்க. ஆயிரத்துல இருந்து ஆரம்பிங்க."

"பொய்யில்லீங்களா?"

"நாம என்ன கோயில்ல சூடம் அடிச்சா சொல்றோம்? நம்பர்தானுங்க."

ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நானும் ஆயிரம் என்று தட்டினேன்.

அந்த லாட்ஜில் சமைக்கிற அக்கா ஒருவர், கிளியூர்க்காரர். அவருடைய வீட்டுக்காரர் சேலம் போய் வருகிறேன் என்று பஸ் ஏறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆளும் வரவில்லை, தகவலும் இல்லை. அக்கா முதலாளியிடம் கெஞ்சி, அந்தப் பக்கத்தின் மூலையில் வீட்டுக்காரர் படத்தைப் போடச் சொன்னார். கல்யாணப் போட்டோவில் இருந்து மாப்பிள்ளையை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போட்டேன்.

வாரத்துக்கு ஒருநாள், மதியச் சமையல் முடிந்ததும் கடைக்கு வந்துவிடுவார். மோடம் கீச்சிட்டு லைன் பிடிக்கும்வரை சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நிற்பார். "யாரையோ கழுத்தப் புடிச்ச மாதிரி கத்துதுங்க" என்பார். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முடி, நெற்றி, கண். சில நாள் லைன் அறுந்து கண்ணோடு நின்றுவிடும். வாயில்லாத அந்த முகம் எங்களையே பார்க்கும். கதவிடுக்கில் பனிமூட்டம் வேறு உள்ளே வந்துகொண்டிருக்கும். எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. முழுசாக வந்த நாட்களில் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக எண்ணுக்குப் போய்விடுவார்.

"ஆயிரத்து முப்பத்தொன்னுங்களா? போன வாரம் இருபத்தாறு. அஞ்சு பேரு பாத்திருக்காங்க சாமி!"

அந்த ஐந்தில் பெரும்பகுதி நான். பக்கம் சரியாக வருகிறதா என்று நான் திறக்கும்போதெல்லாம் ஒன்று ஏறும். அவருக்குக் காட்டத் திறந்தாலும் ஏறும். சொல்ல வாய் வரவில்லை.

ஆடி அமாவாசை நெருங்கியபோது, செம்மநத்தத்தில் இருந்து வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். இனி அவன் வரமாட்டான், தாலியைக் கழற்றிக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார். அன்றைக்கே அக்கா மூச்சிரைக்க என் கடைக்கு ஏறி வந்தார்.

"ஆயிரம் பேரு பாத்திருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயாவது அவரு படமாட்டாரான்னு கேட்டனுங்க. நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லோணும் சாமி."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ஆயிரம் நானாப் போட்டதுங்க. யாரும் வரலை."

"எதுக்குங்க அப்படி?"

"பாக்க நல்லாருக்கும்னு."

"நொம்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார். பிறகு, "அதுக்கு மேல இருக்கறது?"

"நாப்பத்தேழுங்க. முக்காவாசி நானும் நீங்களும் தெறந்தது."

"மிச்சம்?"

"தெரியலீங்கக்கா. யாரு வந்தாங்கன்னு அது காட்டாது."

"அதுல ஒன்னு அவரா இருக்கலாமுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அநேகமாக அதுதான் உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரியாதே. இப்போதுதான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டிருந்தேன்.

"இருக்கலாமுங்க" என்றேன். அந்த ஒரு சொல் இன்றுவரை என்னை விடவில்லை.

காரியம் நடக்கவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போனவர், அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லையாம். அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்தபோது தலை நிறையப் பூ. நெற்றியில் காசளவு குங்குமம். படம் முழுசாக இறங்கியதும் நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

"என்னங்கக்கா?"

"அந்த மிச்சத்துல அவரு இருந்தா, இந்தப் பக்கம் பாக்கறப்ப நான் தெரியோணுமல்லோ?"

அது அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை. எழுந்துபோய், அவர் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி டியூப்லைட்டைப் போட்டேன்.