வலீ என்ற இடத்தில் வெட்டப்பட்ட பெயர்

என்னிடம் உள்ள தாளில் 12-06-1966 என்று திகதி இருக்கிறது. காவின் என்னும் நிக்காஹ் பதிவை எழுதுவதற்கு முன் மணப்பெண்ணின் விபரங்களைக் குறித்துக்கொண்ட தாள் அது. 'வலீ' என்ற இடத்தில், அதாவது பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமையுள்ளவர் என்ற இடத்தில், என் உம்மாவின் இரண்டாவது கணவருடைய பெயர் எழுதப்பட்டு, ஒரே கோட்டால் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் உறவுமுறை: தந்தையின் தம்பி. அது பொய். மணப்பெண் நான்.

வாப்பா மௌத்தானது 1957இல். இரண்டு வருஷத்தில் உம்மா மறுமணம் செய்தார். வந்தவர் மாத்தளையில் வெற்றிலை வியாபாரி. ஏழு வருஷமும் நான் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. நான் எதிரே நின்றாலும் உம்மாவிடம் "அந்தப் புள்ள" என்றுதான் பேசுவார். நான் ஊற்றிய தேத்தண்ணியை அவர் குடிக்கமாட்டார். அவருடைய சாரத்தை நான் துவைக்கமாட்டேன்.

அந்த மே மாதம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். டிசம்பரில் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் கடை வைத்திருந்த, தன் ராத்தாவின், அதாவது அக்காவின், மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். நான் மாட்டேன் என்றேன்.

வாப்பா, பாட்டனார், கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லாத பெண்ணுக்கு வாப்பாவின் சகோதரர்தான் வலீ. உம்மாவின் கணவர் எத்தனை வருஷம் சோறு போட்டிருந்தாலும் அந்த உரிமை அவருக்கு வராது. என் வாப்பாவுக்கு ஒரே அண்ணன், லக்கலயில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவர், உம்மா மறுமணம் செய்த நாளிலிருந்து எங்கள் வாசலை மிதிக்காதவர். அவரிடம் போய்க் கேட்க மனமில்லாமல், எங்கள் குடும்பத்தை அறியாத ஒரு பதிவாளரைப் பலாபத்வலப் பக்கத்திலிருந்து உம்மாவின் கணவர் அழைத்து வந்தார்.

அன்று ஞாயிறு. அந்த ஆண்டு வார விடுமுறை ஞாயிறிலிருந்து பௌத்தர்களின் பிறைநாட்களான போயா நாட்களுக்கு மாறியிருந்ததால் அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போயிருந்தார்கள். அதை யோசித்தே நாள் குறித்திருப்பார் என்று நினைக்கிறேன். முன்னறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய ஆட்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால். பதிவாளர் எழுதியதை உரக்க வாசித்து, சரிதானா என்று கேட்டார்.

"சரியில்ல," என்றேன். "எங்கட வாப்பாக்கு தம்பி இல்ல. ஒரே ஒரு காக்கா, லக்கலயில ஈக்காரு. இவரு உம்மாவ ரெண்டாவது முடிச்சவரு."

மாப்பிள்ளையின் உம்மா மட்டும் பேசினார். "வாய் நீளந்தான். நாலந்தாக்கு வரட்டும், அளந்து வெட்டுவோம்."

சிலர் சிரித்தார்கள். பதிவாளர் சிரிக்கவில்லை. பெயரின்மேல் கோடு இழுத்தார். வாப்பாவின் அண்ணன் வரவேண்டும், இல்லாவிட்டால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியாரிடம் உத்தரவு எடுக்கவேண்டும் என்று சொல்லி, தாளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆட்கள் கலைந்தபின் உம்மாவின் கணவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு வருஷம் ஏன்ட சோறு தின்ட வாய் அது."

"நான் கேட்டு தின்னல்ல. ஒங்கள இந்த ஊட்டுக்கு கூட்டி வந்ததும் நான் இல்ல."

கை ஓங்கினார். உம்மா குறுக்கே வந்து அந்த அடியை வாங்கினார். அடித்தவரை அதற்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை லக்கலவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், மூன்றாம் நாள் தனியே திரும்பினார். "அவன் வரமாட்டான்" என்று மட்டும் உம்மாவிடம் சொன்னாராம். காதியாரிடமும் போகவில்லை, போனால் சொன்ன பொய் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகஸ்டில் நாலந்தாக்காரர்கள் வேறு பெண் எடுத்தார்கள். டிசம்பரில் நான் பரீட்சை எழுதினேன். 1974இல் அவர் மௌத்தாகும்வரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குள் வாப்பாவின் அண்ணனான பெரியவாப்பாவும் போய்விட்டார். அவருடைய பிள்ளைகளைக் கண்டு விசாரித்தேன். அந்த ஜூனில் மாத்தளையிலிருந்து யாரும் வீட்டுக்கு வரவில்லை என்றார்கள். ஆனால் எள்ளு அறுவடைக்காகத் தங்கள் வாப்பா அப்போது சேனையிலேயே தங்கியிருந்தார், அங்கே யார் வந்து போனார்கள் என்று தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்கள். உம்மாவோ, தன் கணவர் திரும்பி வந்தபோது, சேனைக்கு நடந்து போனவரைப்போல், சாரம் முழங்கால்வரை செம்புழுதியாக இருந்தது என்கிறார். அவர் போய்க் கேட்டு மறுக்கப்பட்டாரா, அல்லது கேட்காமலே திரும்பினாரா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.