சாய்ப்பறைக்கு வந்த கடற்பூ

தலைப்பிரசவத்துக்காகப் பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மகாராஜா ஆட்சிக் காலம் அது. அம்மாவுக்கு அப்போது பார்த்துக்கொள்ள இரண்டு பேர்: நானும் அப்பாவும். தின்னச் சொன்னதை நான் தின்றேன். அப்பா அதைக்கூடச் செய்யவில்லை.

அப்பா பூவாற்றுக் கடற்கரையில், சவுக்கை என்று சொல்லும் சுங்கச் சாவடியில் குமஸ்தாவாக இருந்தவர். வேலையில் இருக்கும்போதே வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிஞ்சியது, ஆனால் அவர் அதை எங்களுக்காகச் செலவழிப்பதில்லை. சாய்ப்பறை என்று நாங்கள் சொல்லும், வீட்டை ஒட்டிச் சாய்வாக இறக்கிய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார். வைத்தியர் எண்ணெயும் கஷாயமும் தந்துவிட்டு, இனி அவர்தான் மனசு வைக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். மனசு வைக்க அவருக்கு எதுவுமே இல்லையே என்றுதான் எனக்கும் அம்மாவுக்கும் பயம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வாய் திறந்து ஒன்று கேட்டார். கடற்பூ வேண்டுமாம். இப்போது புத்தகங்களில் கடல் சாமந்தி என்று போடுகிறார்கள். பார்க்கப் பூ, உண்மையில் பிராணி. பாறையில் காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, தலையைச் சுற்றி நூறு விரல்களை அலையில் ஆட்டிக்கொண்டிருக்கும். சவுக்கையில் வேலை இல்லாத பொழுதெல்லாம் அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

"கிடந்தா கிடக்கட்டும், அவியளு வாய தொறந்து ஒண்ணு கேட்டாச்சுல்லா" என்றாள் அம்மா. அது என்ன தின்னும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது ஏலம் விட்ட அகலமான கண்ணாடித் தொட்டி ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அதைக் கழுவி, அப்பாவின் கட்டிலருகே, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் படாத இடத்தில் வைத்தோம். சவுக்கையில் அப்பாவோடு இருந்த சேவகர் தேங்காய் வண்டியில் பானை பானையாகக் கடல் தண்ணீரும், கொஞ்சம் மணலும், இரண்டு பாறைத் துண்டுகளும் கொண்டுவந்தார். கடற்பூ தனியாக ஒரு சின்னப் பானையில், ஈரத்துணியால் வாய் மூடி வந்தது.

"பாறையில இருந்து நகத்த வச்சு மெல்ல மெல்ல எளக்கினேன் ஏமானே. காலு கிழியல்ல" என்றார் சேவகர்.

அன்றைக்குத்தான் அப்பா சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார். திரும்பியதும் அதிகாரம் வந்துவிட்டது. அதை நேரே தொட்டியில் போடக் கூடாது. தொட்டித் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பானைக்குள் ஊற்றிப் பழக்க வேண்டும். பாறையில் வைத்து அழுத்தக் கூடாது. மணலில் விட்டுவிட்டால் இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். தண்ணீரைக் காலையும் மாலையும் சிரட்டையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் வற்றினால் வற்றிய அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிவிடும். என்னைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் இவ்வளவு பேசவில்லை.

தொட்டிக்குள் இறங்கிய கடற்பூ விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு மூலையில் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

பிறகு அது நடக்க ஆரம்பித்தது. நாம் பார்க்கும்போது நகராது, பார்க்காதபோது இடம் மாறியிருக்கும். கண்ணாடியில் ஏறிப் பார்த்தது, பிடிக்காமல் இறங்கியது. ஒரு பாறையைச் சுற்றியது. கடைசியில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே இருந்த இடுக்கில் காலை நுழைத்துக்கொண்டு, வெளிறிய பச்சையில் நுனி சிவந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. அப்பா இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அம்மா கஞ்சி கொண்டுவந்தாள், அதைப் பார்த்துக்கொண்டே முழுவதும் குடித்தார்.

அடுத்து, சோறு போட வேண்டுமே. அதற்குக் கொஞ்சு வேண்டும் என்றார் அப்பா. நாங்கள் கொஞ்சு என்பது இறாலை. எங்கள் வீடு சுத்த சைவம். மீன்காரி எங்கள் ஒழுங்கையில் கூவக்கூட மாட்டாள், அடுத்த ஒழுங்கை போய்த்தான் வாயைத் திறப்பாள். போதாததற்கு என் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மா சஷ்டி விரதம் வேறு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி இருக்க வீட்டுல கொஞ்சா? நடக்கப்பட்ட காரியமா இது?" என்றவள், தன் யோசனைப்படி ஒரு காரியம் செய்தாள். கோவிலிலிருந்து வந்த நைவேத்தியத்தில் வெந்த சிறுபயறு கொஞ்சம் எடுத்து, அப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, கடற்பூவுக்குப் பிரசாதம் போட்டுவிட்டாள். அதுவும் மரியாதைக்கு வாங்கிப் பிடித்துக்கொண்டது, கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பியும் விட்டது. துப்பிய பயறு பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் கஞ்சித்தண்ணி போலக் கலங்கி நாற்றம் எடுத்தது. கடற்பூ பிடி விட்டு, கவிழ்ந்து கிடந்தது. அப்பா பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. மெல்ல மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானக் கஞ்சி ஆறிப்போயிற்று, ராத்திரிக் கஞ்சியும் ஆறிப்போயிற்று.

அம்மா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். "மக்கா, அது செத்தா இவியளும் இல்லாம ஆவாளோ?" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

மிச்சம் வைத்திருந்த கடல் தண்ணீர் நிழலில் மூடியிருந்தது. அம்மாவே தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை மொண்டு கொட்டினாள், பயற்றைப் பொறுக்கினாள், நல்ல தண்ணீரை விளிம்பு வழியாக மெல்ல விட்டாள். கடற்பூவை இலையால் தாங்கி நிமிர்த்தி, பழைய இடுக்கின் அருகே விட்டாள். சேவகர் வந்திருந்தபோது கற்றுக்கொண்டாளோ, அப்பா சொன்னதை எல்லாம் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாளோ, தெரியாது. அதற்குப் பிறகு அதைத் தொடாமல் விட்டுவிட்டோம். சில நாள் கழித்து அது மறுபடி காலை ஊன்றியது. ஆனால் விரல்கள் மெலிந்து கிடந்தன. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆள் அனுப்பி மீன்காரியைக் கூப்பிட்டாள். வாசல் வழியாக அல்ல, கொல்லைச் சுவருக்கு மேலாக. பலாமரத்தடியில் ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சு வந்து இறங்கியது. மீன்காரியே தோலுரித்து நகத்தளவாகக் கிள்ளிக் கொடுத்தாள். இனி அதை ஊட்ட வேண்டும். அப்பாவின் வலது கை விழுந்த கை, இடது கை ஊன்றி உட்காரவே சரியாக இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி அதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தடை. பாக்கி இருந்தது அம்மா ஒருத்திதான்.

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே, தென்னை ஈர்க்கில் நுனியில் குத்திய துண்டோடு சாய்ப்பறைக்குள் வந்தாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் தண்ணீருக்குள் விட்டாள். கடற்பூ துண்டைப் பிடித்தது, பக்கத்தில் இருந்த அம்மாவின் விரலையும் சேர்த்துப் பிடித்தது.

"அய்யோ, இஞ்ச பாருங்கோ, என்னப் பிடிச்சு விழுங்குகு!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஓடினேன். அப்பா இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயோடு, கண்ணில் நீர் வர, கட்டில் ஆடச் சிரித்தார். அம்மா விரலை விடுவித்துக்கொண்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கடற்பூ துண்டை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"இன்னொண்ணு குடுக்கட்டா?"

"போரும்" என்றார் அப்பா. "இனி அடுத்த ஞாயிறாழ்ச்ச குடுப்பம். நீயும் நானுமாட்டு."