மாதம் ஒருமுறை கழுவிய கூலர்

படகுப் பட்டறையில் அவரை எல்லோரும் கூலர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கும் அவர் அண்ணன், முதலாளியின் வயதான அப்பாவுக்கும் அவர் அண்ணன். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி இங்கே யாரும் இல்லையே என்று வாசலில் இருக்கும் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் பார்ப்பது ஒரே வேலை. விசைப்படகின் எஞ்சின் ஓட ஓட அதன் ஆயில் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க எஞ்சினின் பக்கவாட்டில் முழங்கை நீளத்தில் ஓர் உருளை இருக்கும். அதுதான் ஆயில் கூலர். உள்ளே பென்சில் பருமன்கூட இல்லாத செப்புக் குழாய்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். குழாய்க்குள்ளே கடல் தண்ணீர், குழாய்க்கு வெளியே ஆயில். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கலந்துவிடக் கூடாது. குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் போச்சு. எஞ்சின் ஓடும்போது ஆயில் கடலுக்குப் போகும், நின்றதும் உப்புத் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிடும். அப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போட வேண்டும்.

முதலில் அவர் முழு மெக்கானிக்காகத்தான் இருந்தார். எஞ்சின் தூக்கும் சங்கிலி ஒருநாள் நழுவியதில் இடது கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதற்குப் பிறகு மேஜையில் உட்கார்ந்து செய்கிற இந்த வேலைக்கு வந்தார். கூலரைக் கழற்றுவார், மூடியைத் திறப்பார், ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பி பிரஷ்ஷை விட்டு உப்பும் சிப்பியும் போகத் தேய்ப்பார். குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிற அம்மாவைப் போல அத்தனை பக்குவம். பிறகு இரண்டு முனையையும் அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார். குமிழி வராவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும் பாருங்கள், அதைப் பார்க்கவே வெல்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

தங்கைகள் மூன்று பேருக்கும் வாழ்க்கை அமைத்துக் கொடுத்து முடிப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. வந்தது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அதுவும் மரியாதையாகப் போய்விட்டது. இப்போது கடைசித் தங்கை வீட்டு மாடி அறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஜன்னலோரம் ரப்பர் வளையங்கள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்ல ஆரம்பித்ததுதான் தங்கைக்குக் கவலையாக இருந்தது.

அப்படி இருந்தவரிடம்தான் டிரைவரம்மா வந்து சேர்ந்தார். அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றிப்போகிற விசைப்படகு அவருடையது. ஓட்டுவதும் அவரேதான். டீச்சர்கள், நர்சுகள், காய்கறிக் கூடைகள், சில நாள் ஆட்டுக்குட்டிகள். கணவர் காலமாகி வெகு நாளாகிறது, மகன் வேலைக்காகத் தூர தேசம் போய்விட்டான். எஞ்சின் சூடாகிறது என்று படகைக் கட்டிவிட்டு வந்தவர், கைக்குட்டையை விரித்து மேஜைமேல் வைத்தார். கூலருக்குக் கடல் தண்ணீரைத் தள்ளும் பம்ப்பின் ரப்பர் சக்கரம் உடைந்த துண்டுகள். ஒவ்வொரு இறக்கையையும் பொருத்திப் பொருத்திப் பார்த்துவிட்டு, "ஒரு இறக்கை குறையுது மெக்கானிக். அது உங்க கூலருக்குள்ளதான் இருக்கும்" என்றார்.

மூடியைத் திறந்தால் வாயிலேயே அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தத் துண்டு. அவர் அதைச் சாமணத்தால் எடுத்துக் காட்டினார். டிரைவரம்மா அதை வாங்கிச் சக்கரத்தில் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நம்மாளுக்கு அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. அழகைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு, இவர் பொறுப்பைப் பார்த்து மயங்கினார்.

மயங்கினவர் சும்மா இருந்திருக்கலாம். "உங்க ரூட்ல தண்ணி ரொம்ப உப்பு. மாசம் ஒரு தடவை கொண்டு வாங்க, கழுவிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

பச்சைப் பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே தாராளம். கடல் என்ன, அந்தம்மா படகுக்கு மட்டும் தனியாக உப்புப் போட்டுக்கொண்டா இருக்கிறது? பக்கத்தில் நின்ற வெல்டருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் டிரைவரம்மா தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த மாதம் சொன்னபடி வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். கவிழ்த்துப்போட்ட டிரம் மேல் உட்கார்ந்து, வேலை முடியும்வரை அக்கரைக் கதையெல்லாம் சொல்வார். இவர் வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாட்டைத் தாண்டும்.

வெல்டருக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? ஊரே உங்களை அண்ணன்னு கூப்பிடுது. அந்தம்மா மட்டும் இன்னிக்கு வரைக்கும் கூப்பிடல."

"மரியாதையா மெக்கானிக்னு கூப்பிடுறாங்க. அதுல உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்குத்தான் ஏதாவது இருக்குமோன்னு பார்த்தேன்."

"போய் உன் வேலையைப் பாருடா" என்று விரட்டினார். விரட்டினாரே தவிர, அன்று முழுக்கக் காது மடல் சிவந்தே இருந்தது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கூலருக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் தொட்டியில் முக்கியபோது ஒரு குழாயிலிருந்து குமிழி வந்தது. அந்தக் குழாயின் இரண்டு முனையிலும் பித்தளை ஆணி அடித்துப் பற்றவைத்து மூடினார். ஒரு குழாயை மூடுவதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சில மாதத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூடிய ஒவ்வொரு குழாயும் ஆயிலைக் குளிர்விக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட குழாய். மிச்சமிருப்பவைதான் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

புதிது போட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வேறு யாராவது என்றால் அப்போதே சொல்லியிருப்பார். டிரைவரம்மாவிடம் மட்டும் நாக்கு எழவில்லை. இப்போது வருகிற புதுக் கூலர்கள் உப்பைச் சட்டை செய்யாத உலோகம். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், அதையும் அக்கரைத் துறையிலேயே யாராவது பார்த்துவிடுவார்கள். புதிதைப் பொருத்துகிற அன்று டிரைவரம்மா இந்தப் பட்டறைக்கு வருவதும் முடிந்துவிடும். அந்த டிரம் காலியாகக் கிடக்கும்.

அடுத்த முறை வந்த டிரைவரம்மா வழக்கம்போல ஒரு கதை சொன்னார். விடியற்காலையில் ஒரு பிரசவக் கேஸ். பெண் வலியில் துடிக்கிறாள், அவள் அம்மா சீக்கிரம் போம்மா என்று கெஞ்சுகிறார். "வேகமா விட்டேன். பாதிக் கடல்ல சூடு காட்டுற முள் மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. வேகத்தைக் குறைச்சு மெதுவாத்தான் கொண்டுபோனேன். நல்லவேளை, கரைக்கு வந்தப்புறம்தான் பிறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாக டீயைக் குடித்தார். கூலர் அண்ணனுக்குக் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. முள் ஏன் ஏறியது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்திலேயே இல்லை. அன்றைக்கே சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கிளம்ப நேரமாயிற்று என்று டிரைவரம்மா எழுந்துவிட்டார். "வேகமா விடாதீங்க, நாளைக்கே திரும்பக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்று இரவு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். தங்கை எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மாதம் ஒருமுறை என்று சொன்ன பொய்யையும் சொன்னார். தங்கை சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தார், அவள் சிரிக்கவில்லை.

"அவங்க வராம போயிட்டா உனக்குத் தாங்குமாண்ணா?"

"தாங்காது" என்றார் அவர். "அதுக்காக? நடுக்கடல்ல அந்தப் படகு நின்னா அது மட்டும் தாங்குமா?"

தங்கை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவளுக்குத் தன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

மறுநாள் டிரைவரம்மா வந்து டிரம்மில் உட்காருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். உட்கார்ந்துவிட்டால் சொல்ல வராது என்று பயம்.

"இந்தக் கூலரை இனிமே நான் கழுவ மாட்டேன். ஆயுசு முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்கிடுங்க. போன தடவையே சொல்லியிருக்கணும், அதுக்கு முந்தியே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

"சரி."

"இன்னொண்ணு. மாசாமாசம் கழுவணும்னு சொன்னேன்ல? அதெல்லாம் தேவையே இல்ல. பொய் சொன்னேன்."

வெல்டர் தீப்பொறியை அணைத்துவிட்டார். டிரைவரம்மா திரும்பித் துறைப் பக்கம் நடந்தார். போகட்டும், கோபப்படுவது நியாயம்தானே என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டியது, கிரீஸ் கையால் துடைக்கவும் முடியவில்லை.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். டிரைவரம்மா ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துவந்து மேஜைமேல் வைத்தார். ஈரத்தில் ஊறி மூலைகள் உப்பிப்போன பெட்டி. கூலர் அண்ணன் அதைப் பிரித்தார். உள்ளே புத்தம்புதுக் கூலர், ஆயில் காகிதத்தில் சுற்றியபடி. கசிவைத் தடுக்கக் கூடவே வந்த ரப்பர் வளையங்களை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார். அவை விறைத்துப்போயிருந்தன, ஒன்று இரண்டாக ஒடிந்தது. கடையிலிருந்து வந்து வெகு நாளானால்தான் ரப்பர் அப்படி ஆகும்.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"நீங்க முதல் குழாயை அடைச்சீங்களே, அந்த வாரமே."

"அப்பலேர்ந்து எங்க இருந்தது?"

"படகுலதான், முன்பக்கப் பலகைக்கு அடியில. தினமும் ஆயில் குச்சியை உருவி நிறத்தைப் பார்த்துட்டுத்தான் படகை எடுப்பேன். துளி வெளுத்திருந்தாலும் அன்னைக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். நேத்து அந்த முள் ஏறின கதையைச் சொன்னப்பவும் கொடுத்திடலாம்னுதான் வந்தேன். மனசு வரல."

"ஏன்?"

டிரைவரம்மா அவரை நேராகப் பார்த்தார். "உங்களுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்ச அளவு கணக்குப் போடத் தெரியல மெக்கானிக். பக்கத்துப் படகுக்காரங்க வருஷத்துக்கு எத்தனை தடவை கழுவுறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கூலர் அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது செய்கிற ஒரே காரியத்தைச் செய்தார், ஸ்பானரை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். பட்டறையில் வைத்திருந்த இன்னொரு டப்பாவிலிருந்து நல்ல ரப்பர் வளையங்களாகப் பார்த்துத் தேர்ந்து போட்டார். பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார், ஹோஸ்களை மாட்டினார், பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் குனிந்து, தண்ணீரில் ஆயில் படலம் மிதக்கிறதா என்று பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"ட்ரயல் ஓட்டிப் பார்க்கணும்ல? ஏறி உட்காருங்க" என்றார் டிரைவரம்மா.

ட்ரயலுக்குப் போவது எப்போதும் பட்டறையின் வேறு ஆள். அத்தனை மாதங்களில் ஓடுகிற அந்தப் படகில் அவர் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. எஞ்சின் பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்தார். படகு துறையை விட்டு நகர்ந்தது, வேகம் பிடித்தது. கரையில் வெல்டர் சின்ன உருவமாகி, கையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

முழு வேகத்திலும் முள் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. வழக்கமாக ட்ரயல் படகுகள் சுற்றித் திரும்புகிற மிதவை வந்தது.

"சூடே ஏறல. திருப்பட்டுமா?" என்று டிரைவரம்மா கேட்டார்.

அவர் முள்ளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், சுக்கான் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். "புதுக் கூலர்... இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"இது நிஜமா, பொய்யா?"

"பொய்தான்" என்றார் அவர்.

டிரைவரம்மா படகைத் திருப்பவில்லை.